பொம்மைக் கையும் நிஜக் கையும்

நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பொம்மைக் கையில் ஊசி சரியாக இறங்குகிறது. வார்டில் நோயாளியின் கையைப் பிடித்தாலே நடுங்குகிறது. என்ன செய்வது?
– ஒரு மாணவி, திக்லிபூர்

பொம்மை முறைத்துப் பார்க்காதே, அதனால்தான்! நரம்பை (ரத்தக்குழாய்தான், வார்டு பாஷையில் நரம்பு) கண்ணால் தேடாதீர்கள், விரலால் தேடுங்கள். அழுத்தினால் ஸ்பிரிங் போல எழும்ப வேண்டும். கையைத் தொங்கவிடச் சொல்லி, குத்தும் இடத்துக்கு நாலு விரற்கடை மேலே ரப்பர் பட்டையைக் கட்டுங்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். கீழ்ப்புறத் தோலை இழுத்துப் பிடித்தால் குழாய் நழுவாது. உங்கள் மணிக்கட்டை நோயாளியின் கைமீதே லேசாக ஊன்றுங்கள், நடுக்கம் பாதி அடங்கும். இரண்டு முறை தவறினால் சிஸ்டரைக் கூப்பிடுங்கள். உங்கள் அந்தமானில் ஓங்கே பழங்குடி மக்களிடையே நர்சாகப் பணியாற்றி 2011இல் பத்மஸ்ரீ பெற்ற சாந்தி தெரசா லக்ராவும் முதல் ஊசியை யார் கையிலோ நடுங்கிக்கொண்டுதான் போட்டிருப்பார்.