‘ஹிட்லர்’ என்னும் உவமை

வாதத்தில் சினம் மிகும்போது எதிர்த்தரப்பாரை ‘ஹிட்லர்’ என்றுரைப்பது இக்காலத்தில் எளிதாகிவிட்டது. கண்டிப்பான தலைமையாசிரியரும், கணக்குக் கேட்கும் சங்கத் தலைவரும் இப்பெயருக்குத் தப்புவதில்லை. இவ்வுவமை எப்போது பொருந்தும் என்பதைச் சிறிது ஆராய்வோம்.

உவமை தோன்றும் வகை வினை, பயன், மெய், உரு என நான்கு என்பது தொல்காப்பியம். ‘புலிபோலப் பாய்ந்தான்’ என்றால் வினை மட்டுமே ஒத்தது. வாலைத் தேடுவார் இல்லை. ஆகவே ஒருவரை ஹிட்லர் என்போர், எவ்வினையால் என்று சொல்லக் கடமைப்பட்டவர். ‘கண்டிப்பால்’ என்பது விடையாகாது. கண்டிப்பு ஆயிரம் பேருக்கு உண்டு. ஹிட்லருக்குரிய வினையோ, ஓரினத்தாரைப் பிறப்பினாலேயே பகைவரென ஒதுக்கி, ஏறத்தாழ 60 இலட்சம் யூதர்களைக் கொன்றொழித்தது. அப்பெயரைத் தலைமையாசிரியர்மேல் எறிவது அவரைப் புண்படுத்துவதோடு, இறந்துபட்டோரின் துயரையும் பள்ளிக்கூடத்துப் பிரம்படி அளவுக்குச் சுருக்கிவிடுகிறது. சத்தியாணுவிரதம் பூண்ட இல்லறத்தாருக்கு இஃது ஏற்றதன்று.

அதற்காக அவ்வுவமையை அறவே விலக்குவதும் ஏகாந்தமே. எப்பொருளையும் திரவியம், க்ஷேத்திரம், காலம், பாவம் (தன்மை) ஆகியவற்றைக் குறித்தே கூறவேண்டும் என்பது நம் நெறி. இவற்றுள் காலத்தையே பலர் மறக்கின்றனர். ஹிட்லர் ஆட்சித் தலைமை ஏற்றது 1933 சனவரியில். யூதர் கடைகளைப் புறக்கணிக்கும் இயக்கம் அவ்வாண்டு ஏப்ரலில் நடந்தது. 1935 செப்டம்பரில் நியூரம்பர்க் சட்டங்கள் யூதரின் குடியுரிமையைப் பறித்தன. கொலைக்கூடங்கள் பெருகியதோ 1942இல். ஆகவே, ஓர் அரசு பிறப்பைக் காரணங்காட்டித் தன் குடிகளின் உரிமையைச் சட்டத்தால் நீக்குமாயின், ‘இது 1935ஐ ஒத்தது’ என்பது நேர்மையான உரை. ‘இங்குக் கொலைக்கூடம் ஏது?’ என்போர் 1942ஐக் காட்டி 1935ஐ மறைக்கின்றனர். அதுவரை காத்திருந்து சொல்லும் எச்சரிக்கை எவரைக் காக்கும்?

தன்மைக்கு எடுத்துக்காட்டு நம் ஜினாலயத்திலேயே உண்டு. நாம் அரிசியால் இடும் சுவஸ்திகம் நாற்கதிகளைக் குறிப்பது. நாஜிக் கட்சி 1920இல் கொடியில் பொறித்ததும் ஏறத்தாழ அவ்வடிவமே. உரு ஒத்தது, காலமும் இடமும் தன்மையும் வேறு. ஜெர்மனியில் நாஜிச் சின்னத்தைப் பொதுவில் காட்டுவது குற்றம். அங்குக் குடியேறிய நம்மவர் வாயிலில் சுவஸ்திகம் வரைந்தால் அண்டை வீட்டார் திடுக்கிடக்கூடும். அவர் அச்சத்திற்குக் காரணம் உண்டென்பதை முதலில் ஒப்புக்கொண்டு, பிறகு நாற்கதிகளையும், மேலுள்ள மும்மணிப் புள்ளிகளையும், சித்தர் உறையும் பிறையையும் ஒவ்வொன்றாகக் காட்டி விளக்கலாம்.