சைனஸ்: மூக்கைக் கழுவும் முன்

அம்பத்தூர் தொழிற்பேட்டைப் புழுதியும் ஆவடியின் போகிப் புகையும் சைனஸ்காரர்களைப் படுத்தி எடுத்துவிடும். மூக்கடைப்பு, முகக்கனம், குழம்பு தாளிக்கும் வாசனைகூடத் தெரியாத நிலை 12 வாரம் தாண்டினால் அது வெறும் சளி இல்லை. காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும்.

உப்புநீரால் மூக்கைக் கழுவுவது பலருக்கு நிவாரணம் தருகிறது. கொதிக்கவைத்து ஆறிய நீர் 240 மி.லி., அயோடின் சேர்க்காத உப்பு அரை டீஸ்பூன், ஆப்பசோடா ஒரு சிட்டிகை. தலையைச் சாய்த்து, வாயால் மூச்சுவிட்டபடி மேல் நாசியில் ஊற்றினால் கீழ் நாசியில் வழியும். முதல் நாள் எரிகிறதே என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. உப்பின் அளவைச் சரிபார்த்தாலே பெரும்பாலும் போதும். போர்த் தண்ணீரையும் லாரித் தண்ணீரையும் கொதிக்கவைக்காமல் ஊற்றவே கூடாது. அரிதாக, மூளையைத் தாக்கும் அமீபா அவ்வழியே நுழைந்துவிடும்.

அடைப்பு நீக்கும் சொட்டுமருந்தை 5 நாளுக்கு மேல் போட்டால் அடைப்பு இன்னும் கூடும்.

கண்ணைச் சுற்றி வீக்கமோ பார்வைக் கோளாறோ தெரிந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.