கணினி ஆமை வேகத்தில் நகர்கிறதா?

ஜாசினிலோ அலோர் காஜாவிலோ தோட்ட வீட்டில் பிள்ளைகளின் பாடத்துக்கென வாங்கிய பழைய கணினி திணறினால், இணையத்தில் ‘டிஃப்ராக்’ மென்பொருள் தேடுவதற்கு முன் உள்ளே இருப்பது எந்த வகை வட்டு என்று பாருங்கள். விண்டோஸ் தேடல் பெட்டியில் ‘டிஃப்ராக்மென்ட்’ என்று ஆங்கிலத்தில் தட்டினால் வரும் கருவியைத் திறங்கள்; அதன் பட்டியலிலேயே அது தெரியும்.

சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் டிஃப்ராக் உதவும். ஒரே கோப்பு துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கும்போது படிக்கும் முனை அங்குமிங்கும் அலைகிறது. நிரையை விட்டு நிரை தாவிப் பால்மரம் வெட்டச் சொன்னால் எத்தனை நடை! டிஃப்ராக் செய்து துண்டுகளைச் சேர்த்து வைத்தால் அலைச்சல் குறையும். எஸ்எஸ்டி என்றால் இந்த வேலையே வேண்டாம். அதில் சுழலும் தட்டு இல்லை. வீணாக எழுதி எழுதி அதன் ஆயுளைத்தான் குறைப்பீர்கள். அதற்கு வேண்டிய, அழித்த கோப்புகளின் இடத்தை விடுவிக்கும் ‘டிரிம்’ வேலையை விண்டோஸே செய்துகொள்ளும்.

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் உள்ள இந்தக் கருவி வழக்கமாக வாரம் ஒருமுறை தானே இயங்கும். வீட்டுக்கு அது போதும். ‘பத்து மடங்கு வேகம்’ என்று ரிங்கிட் கேட்கும் மென்பொருள்களை நான் நம்புவதில்லை. இலவசமானவை சில, வேண்டாத நிரல்களையும் கூட்டி வரும்; நிறுவும்போது ஒவ்வொரு ‘டிக்’கையும் கவனியுங்கள்.

வட்டு கடகடவென்று சத்தம் போட்டால் அது பழுதாகிக்கொண்டிருக்கலாம்; டிஃப்ராக் செய்யாதீர்கள். முதலில் படங்களை நகலெடுங்கள். மின்சாரம் போகக்கூடிய மாலை இடிமழை நேரத்திலும் டிஃப்ராக் தொடங்க வேண்டாம்.