தவிப்பு காதலின் அளவுகோலா?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றி, கவரைப்பேட்டை, பொன்னேரி வரைக்கும் வாடகை அறைகளில் தங்கி ஷிஃப்ட் வேலைக்குப் போகிற பிள்ளைகள் ஏராளம். வீடும் உறவும் தொலைவில். காதல் வரும், வரட்டும். ஒரு வாரம் உயிரையே வைத்திருப்பதுபோல் பேசிவிட்டு மறுவாரம் காணாமல் போகிற காதல்தான் ஆளை அலைக்கழிக்கிறது. அதில் மாட்டிக்கொண்டவர்களுக்கு அறைத்தோழிகளும் வீட்டுக்காரம்மாவும் சொல்கிற புத்திமதி பல நேரம் அவர்களை இன்னும் தனியாக்கிவிடுகிறது.

"இவ்வளவு தவிக்கிறாள்னா அது உண்மையான காதல்தான்."

தவிப்பு நிஜம். ஆனால் அது அன்பின் ஆழத்தால்தான் வருகிறது என்பதில்லை. அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாமல் இருப்பதே அதை வளர்க்கும். பல ஆலைகளில் செல்போனை உள்ளே விடமாட்டார்கள். நைட் ஷிஃப்ட் முடிந்து லாக்கரிலிருந்து போனை எடுக்கிறாள் ஒருத்தி. முந்தைய நாள் அனுப்பியதற்கு நீல டிக் விழுந்திருக்கிறது, பதில் இல்லை. கம்பெனி பஸ்ஸில் வழிநெடுக 'லாஸ்ட் சீன்' பார்த்துக்கொண்டே வருகிறாள். மூன்றாம் நாள் 'சாப்டியா?' என்று ஒரே ஒரு சொல் வருகிறது. அதுவரை அழுதவள் முகம் மலர்கிறது. பட்டினி கிடந்தவருக்குப் பழைய சோறும் அமிர்தம்.

உளவியலாளர்கள் ஃபெர்ஸ்டரும் ஸ்கின்னரும் புறாக்களை வைத்துச் செய்த சோதனைகளை 1957-இல் நூலாக வெளியிட்டார்கள். எத்தனையாவது கொத்தலுக்குத் தீனி விழும் என்று தெரியாத புறாதான் ஓயாமல் கொத்தியது. தீனி நின்ற பிறகும் லேசில் விடவில்லை. எப்போது வரும் என்று தெரியாத பதிலுக்குக் காத்திருப்பவள் நிலையும் அதுதான். ஆய்வாளர் ஹெலன் ஃபிஷரின் குழு, கைவிடப்பட்டும் காதல் தணியாத 15 பேரின் மூளையை ஸ்கேன் செய்து 2010-இல் வெளியிட்டது. பிரிந்தவரின் புகைப்படத்தைப் பார்த்தபோது, போதைப் பொருளுக்கு ஏங்கும்போது இயங்கும் பகுதிகள் அவர்களிடம் இயங்கின. சின்ன ஆய்வுதான். ஆனாலும் 'மறந்துட்டு வேலையைப் பாரு' என்று சொல்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

"அடிச்சவன்கிட்டயே திரும்பிப் போறாளே, புத்தி இல்லையா?"

எனக்கு மிகவும் கோபம் வரவழைக்கும் பேச்சு இது. கனடாவின் ஆய்வாளர்கள் டட்டனும் பெயின்டரும் 1981-இலேயே இதற்கு இரண்டு காரணம் சொன்னார்கள். ஒருவர் கை ஓங்கியிருப்பது. கொடுமையும் கொஞ்சலும் மாறி மாறி வருவது. அப்படிப்பட்ட உறவிலிருந்து வெளியேறிய 75 பெண்களை அவர்கள் பின்னர் ஆராய்ந்தார்கள். ஆறு மாதம் கழித்தும் பற்று முழுதாக விட்டிருக்கவில்லை. இங்கே அந்த ஓங்கிய கை எப்படி இருக்கும்? அறைக்கு அட்வான்ஸ் கொடுத்தவன் அவன். காண்ட்ராக்டரிடம் சொல்லி வேலையில் சேர்த்துவிட்டவன் அவன். அவளுடைய ஏடிஎம் கார்டும் அவனிடம். அறைந்த மறுநாள் பிரியாணிப் பொட்டலத்தோடு வந்து அழுகிறவனும் அவனே. புத்தியுள்ளவர்களும் இதில் சிக்குவார்கள், ஆண்களும்தான். திரும்பிப் போனவளிடம் பேச்சை நிறுத்திவிட்டால், அடுத்த முறை கிளம்ப அவளுக்குப் போக்கிடம் இருக்காது.

"சின்ன வயசுல பாசம் கிடைக்காதவங்க கடைசிவரை இப்படித்தான்."

குழந்தைப் பருவத்துப் பிணைப்பைப் பற்றி உளவியலாளர்கள் பௌல்பியும் எய்ன்ஸ்வொர்த்தும் எழுதியதை, அதே துறையின் ஹசானும் ஷேவரும் 1987-இல் காதலுக்குப் பொருத்திப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு வந்த ஆய்வுகளில், குழந்தைப் பருவத்துக்கும் வளர்ந்த பின் வரும் காதலுக்கும் தொடர்பு மிதமாகவே தெரிகிறது. நம்பகமான துணையோ நல்ல சிகிச்சையோ கிடைத்தால் மனம் மாறும். 'நான் அவாய்டன்ட் டைப்', அதாவது நெருக்கத்தைத் தவிர்க்கும் ரகம், என்று ரீல்ஸ் பார்த்துவிட்டுச் சொல்பவருக்கு அது சாக்காகிவிடக் கூடாது.

"கல்யாணம் பண்ணி வெச்சா சரியாயிடும்."

ஆகாது. அதே ஆள், அதே பழக்கம். வெளியே வருவது மட்டும் கடினமாகும்.

"தாலி கட்டலைன்னா சட்டம் ஒண்ணும் செய்யாது."

2005-இன் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் திருமணம் போன்ற உறவுக்கும் பொருந்தும். ஆனால் வார விடுமுறையில் மட்டும் சேர்ந்திருப்பது அதில் வராது என்று, கோவையிலிருந்து போன வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2010-இல் சொன்னது. ஷிஃப்ட் காதலர் பலருக்கு அந்தச் சட்டம் எட்டாது. ஆனாலும் அடித்தாலும், மிரட்டினாலும், வேண்டாம் என்ற பிறகும் பின்தொடர்ந்தாலும் அது எந்த உறவிலும் குற்றம்தான். பெண்கள் உதவிக்கு 181-ஐ அழைக்கலாம். மன உளைச்சலுக்கு, ஆணோ பெண்ணோ, 14416-இல் கட்டணமில்லாமல் தமிழிலேயே பேசலாம். நைட் ஷிஃப்ட் முடிந்து வருகிற நேரத்திலும் அந்த எண்ணில் ஆள் இருப்பார்கள்.