சமுதாயக் கல்லூரி முதல்வர் என்ன வேலை செய்கிறார்?



உள்கடன், வட்டி, சேமிப்பு என்று கணக்கெல்லாம் எழுதி முடித்த பிறகு குழுக் கூட்டத்தில் அடிக்கடி வருகிற கேள்வி ஒன்று உண்டு. "பொண்ணு பத்தாவதோட நின்னுட்டா மேடம். தார் சுத்திக்கிட்டு வீட்லயே இருக்கா. அவளுக்கு ஏதாவது வழி இருக்கா?"

காஞ்சிபுரத்துத் தறி வீடுகளில் இது புதிய கதை இல்லை. இப்படிப் படிப்பை நிறுத்தியவர்களுக்காகவே ஏற்பட்டது சமுதாயக் கல்லூரி. அதை நடத்துகிற முதல்வரின் வேலை என்ன என்று இந்தப் பாடத்தில் பார்ப்போம். அது தெரிந்தால் நல்ல கல்லூரி எது, வெறும் போர்டு மாட்டிப் பணம் வாங்குகிற இடம் எது என்று நமக்கே பிடிபட்டுவிடும்.

முதலில் கொஞ்சம் வரலாறு. அமெரிக்காவில் ஜோலியட் என்ற ஊரில் 1901-இல் இந்த மாதிரிக் கல்லூரி தொடங்கியது. நம் பக்கம் 1995-இல் புதுவைப் பல்கலைக்கழகம் ஒன்றைத் தொடங்கியது. அடுத்த ஆண்டு, 1996-இல், சென்னையில் ஒன்று வந்தது. இதற்காகப் பெரிதும் பாடுபட்டவர் சேவியர் அல்போன்ஸ் என்ற சேசு சபைப் பாதிரியார். ஆங்கிலம் படித்து, கல்லூரி முதல்வராக இருந்தவர். நல்ல மார்க் வாங்கியவர்கள் மட்டுமே நுழையும் கல்லூரிகளைப் பார்த்தவர், வாசலிலேயே திருப்பி அனுப்பப்படுகிறவர்களுக்காக வேலை செய்ய வந்தார். மற்ற ஊர்களிலும் இப்படிக் கல்லூரிகள் தொடங்க உதவுவதற்காக 1999-இல் சென்னையில் ஒரு மையத்தையும் ஏற்படுத்தினார். பிறகு பல்கலைக்கழக மானியக் குழுவில் உறுப்பினராகவும் இருந்தார்.

அவர்கள் வகுத்த பாடமுறை எளிமையானது. முதலில் வாழ்க்கைத் திறன்: நாலு பேர் முன்னால் பேசுவது, பயத்தை விடுவது, கொஞ்சம் ஆங்கிலம், கொஞ்சம் கம்ப்யூட்டர். அடுத்தது தொழில் திறன். அதன் பிறகு ஆஸ்பத்திரி, கடை, தொழிற்சாலை என்று நிஜமான வேலை இடத்தில் பயிற்சி. எனக்குக் கேட்டால் முதல் பகுதிதான் முக்கியம் என்பேன். தொழில் தெரிந்தும் வாய் திறக்கத் தயங்கி வேலையை விட்டுவிட்டு வந்த பெண்கள் எத்தனை பேர்!

சரி, முதல்வர் என்ன செய்கிறார்? ஆபீசில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுவது அவர் வேலையில் சின்னப் பங்குதான். நம்ம ஊக்குநர் செய்வதைத்தான் அவரும் பெரிய அளவில் செய்கிறார். தெருத்தெருவாகப் போய்ப் படிப்பை விட்ட பிள்ளைகள் யார் யார் என்று கேட்க வேண்டும். சுற்று வட்டாரத்தில் எந்த வேலைக்கு ஆள் தேவை என்று முதலாளிகளிடம் கேட்க வேண்டும். அதைப் பார்த்து எந்தப் பாடம் தொடங்கலாம், எதை நிறுத்தலாம் என்று முடிவு செய்ய வேண்டும். தொழில் தெரிந்தவரைத் தேடிப் பிடித்து ஆசிரியராக்குவதும் அவர் வேலைதான். கோர்வைச் சேலையில் உடலையும் கரையையும் சேர்க்க மூன்று நாடா ஓட்ட வேண்டும், கூட ஒரு ஆளும் வேண்டும். இதைப் புத்தகம் படித்தவர் சொல்லித் தர முடியுமா? தறியில் உட்கார்ந்தவர்தானே சொல்லித் தர வேண்டும்.

பாடத்தை நிறுத்துகிற முடிவுதான் கஷ்டமானது. நம் மாவட்டத்திலேயே உதாரணம் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா செல்போன் ஆலை 2006-இல் உற்பத்தியைத் தொடங்கியது. சுற்று வட்டாரத்திலிருந்து ஆயிரக்கணக்கான இளம் பெண்கள் வேலைக்குப் போனார்கள். 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றுபோனது. ஒரே கம்பெனியை நம்பி ஒரே வேலையைச் சொல்லிக் கொடுத்தால், கம்பெனி போகும்போது படிப்பும் அதோடு போய்விடும். வேறு இடத்திலும் செல்லுபடியாகிற திறமையைக் கற்றுக் கொடுத்தாரா என்பதுதான் ஒரு முதல்வருக்கு வைக்கிற பரீட்சை.

இந்த வேலைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் முதுகலை படித்துவிட்டு, ஆசிரியராகவோ சமூகப் பணியிலோ சில ஆண்டுகள் இருந்தவர்கள். ஆனால் கீழிருந்தும் வரலாம். எதுவார்தோ பத்ரோன் என்பவர் 1961-இல் கியூபாவிலிருந்து அகதியாக அமெரிக்கா போன சிறுவன். மயாமி ஊர்ச் சமுதாயக் கல்லூரியில் மாணவராகச் சேர்ந்தார். மேற்படிப்பு முடித்து அங்கேயே ஆசிரியராகத் திரும்பி வந்தார். 1995 முதல் 2019 வரை அதே கல்லூரிக்குத் தலைவராக இருந்தார். நம்ம பொண்ணுங்களும் ஏன் வரக்கூடாது? கூட்டம் நடத்தவும், கணக்கு வைக்கவும், பேங்க் மேனேஜரிடம் நின்று பேசவும் பழகிய ஊக்குநருக்கு இந்த வேலையில் பாதி ஏற்கெனவே தெரியும். மீதிப் பாதிக்குப் படிப்பு வேண்டும். அஞ்சல் வழியிலும் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலும் அதைப் படிக்கலாம்.

பிள்ளையைச் சேர்க்கப் போகும்போது முதல்வரை நேரில் பார்த்துக் கேளுங்கள். சான்றிதழ் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரில் வரும்? அந்த அங்கீகாரம் இந்த ஆண்டுக்கும் இருக்கிறதா, கடிதத்தைக் காட்ட முடியுமா? வேலைப் பயிற்சி எந்த இடத்தில், எத்தனை நாள்? போன வருஷம் படித்தவர்களில் எத்தனை பேர் வேலைக்குப் போனார்கள், எத்தனை பேர் பாதியில் நின்றார்கள்? மொத்தக் கட்டணம் எவ்வளவு, ரசீது உண்டா?

பாதியில் நின்றவர்கள் பற்றிக் கேட்டதும் முகம் சுளித்தால், பணம் கட்டாமல் எழுந்து வந்துவிடுங்கள். நல்ல முதல்வர் ஒவ்வொரு பெண்ணும் ஏன் நின்றாள் என்று பெயரோடு சொல்லுவார்.

அடுத்த மாதக் கூட்டத்தில் ஊக்குநர்கள் இதைப் படித்துக் காட்டவும். உங்கள் குழு வீடுகளில் படிப்பை நிறுத்திய பெண் பிள்ளைகள் எத்தனை பேர், எந்த வகுப்பில் நின்றார்கள் என்று தீர்மான நோட்டில் எழுதிக் கூட்டமைப்புக்குக் கொண்டு வரவும்.