54 ஓட்டு விழுந்தும் தோற்ற தீர்மானம்

கேள்வி: முதுகலை அரசியல் அறிவியல் படிக்கிறேன். துப்பாக்கி வாங்க வருபவரின் பின்னணியைச் சோதிக்க வேண்டும் என்று 2013-ல் அமெரிக்க செனட்டில் வந்த தீர்மானத்துக்கு 54 பேர் ஆதரவு, 46 பேர் எதிர்ப்பு. இருந்தும் அது தோற்றதாகப் படித்தேன். நூறு பேர் உள்ள சபையில் 54 பெரும்பான்மை இல்லையா? 60 ஓட்டு வேண்டும் என்கிறார்கள். அந்த 60 அமெரிக்க அரசியல் சாசனத்தில் எந்தப் பிரிவில் வருகிறது? எவ்வளவு தேடியும் கண்ணில் படவில்லை.
– ஒரு மாணவி, கும்பகோணம்

பதில்: நீங்கள் சரியாகத்தான் தேடியிருக்கிறீர்கள். சாசனத்தில் அந்த 60 எங்கேயும் இல்லை. தேர்வில் இதைப் பற்றிக் கேட்டால் முதல் வரியாக அதையே எழுதுங்கள். பல பாட நூல்கள் ‘அமெரிக்க அரசியல் சாசனம் தந்த தடுப்பு ஏற்பாடுகள்’ என்ற தலைப்பில் இதையும் சேர்த்து விடுகின்றன. அது தவறு.

சாதாரணப் பெரும்பான்மை எங்கே போதாது என்பதைச் சாசனம் எழுதியவர்கள் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார்கள். வெளிநாட்டு உடன்படிக்கைக்கு ஒப்புதல், அதிபரின் வீட்டோவை மீறிச் சட்டம் இயற்றுவது, பதவி நீக்க விசாரணையில் குற்றவாளி என்று தீர்ப்பளிப்பது, உறுப்பினரை வெளியேற்றுவது, சாசனத் திருத்தத்தை முன்மொழிவது. இவற்றுக்கெல்லாம் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். சாதாரணச் சட்டம் அந்தப் பட்டியலில் இல்லை. மேலும், செனட்டில் ஓட்டு சரிபாதியாகப் பிரிந்தால் துணை அதிபர் ஒரு ஓட்டுப் போட்டு முடிவு செய்யலாம் என்கிறது சாசனம். 60 ஓட்டு வேண்டும் என்பது அவர்கள் எண்ணமாக இருந்திருந்தால் அந்த ஏற்பாட்டுக்கு வேலையே இருந்திருக்காது.

மிகைப் பெரும்பான்மை என்ன செய்யும் என்பது அவர்களுக்குத் தெரியாததும் அல்ல. 1787 சாசனத்துக்கு முன்பிருந்த கூட்டமைப்பு ஒப்பந்தத்தின்படி, முக்கியமான எதற்கும் 13 மாநிலங்களில் 9 சம்மதிக்க வேண்டும். அதனால் அரசு கைகட்டி நின்றதைப் பார்த்து நொந்துபோனவர்கள்தான் பிலடெல்பியாவில் கூடினார்கள். சிறுபான்மைக்கு இப்படித் தடுக்கும் உரிமை கொடுப்பதை அலெக்ஸாண்டர் ஹாமில்டன் கடுமையாகவே எழுத்தில் கண்டித்திருக்கிறார்.

பிறகு எங்கிருந்து வந்தது? செனட்டின் உள்விதிகளிலிருந்து. அதுவும் ஒரு விதியைச் சேர்த்ததால் வரவில்லை, நீக்கியதால் வந்தது. பழைய விதிகளில் ‘விவாதம் போதும், ஓட்டுக்கு விடுங்கள்’ என்ற பொருளில் ஒரு தீர்மானம் கொண்டுவர வழி இருந்தது. 1805-ல் பதவியை விட்டு விலகும் நேரத்தில் துணை அதிபர் ஏரன் பர், விதிப்புத்தகத்தைச் சுருக்கச் சொன்னார். அதிகம் பயன்படாத அந்த விதி 1806-ல் விடுபட்டுப் போனது. பேச்சை நிறுத்த வழியில்லாத சபை என்றால் பேசிக்கொண்டே இருப்பவரிடம் எல்லோரும் தோற்றுப் போவார்கள் என்பதை அப்போது யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. சில பத்தாண்டுகள் கழித்துத்தான் உறுப்பினர்கள் அந்த ஓட்டையைக் கண்டுகொண்டார்கள். இப்படி நீட்டிப் பேசி மசோதாவைச் சாகடிக்கும் தந்திரத்துக்கு ஃபிலிபஸ்டர் என்று பெயர் வந்தது.

1917 வரை இதற்குக் கடிவாளமே இல்லை. முதல் உலகப் போர் நேரம். அமெரிக்க வணிகக் கப்பல்களில் ஆயுதம் பொருத்தும் மசோதாவைச் சில செனட்டர்கள் பேசியே முடக்கினார்கள். அதிபர் உட்ரோ வில்சன் கொதித்தார், மக்களும் கொதித்தார்கள். அந்த மார்ச் மாதமே 22-ஆம் விதி வந்தது: வாக்களிப்போரில் மூன்றில் இரண்டு பங்கினர் கேட்டால் விவாதத்தை முடித்துவிடலாம். 1975-ல் அந்த அளவை மொத்த உறுப்பினர்களில் ஐந்தில் மூன்று பங்கு என்று குறைத்தார்கள். நூறு பேரில் அது 60. நீங்கள் தேடிய எண் பிறந்த இடம் அதுதான்.

நீங்கள் குறிப்பிட்ட 2013 ஓட்டெடுப்பிலும் இந்த எண்தான் குறுக்கே நின்றது. 2012 டிசம்பரில் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, ஜனநாயகக் கட்சியின் ஜோ மான்சினும் குடியரசுக் கட்சியின் பேட் டூமியும் சேர்ந்து கொண்டுவந்த திருத்தம் அது. 60 ஓட்டு பெற்றால்தான் வெற்றி என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டு நடத்திய ஓட்டெடுப்பு. எதிர்த்து விழுந்த 46-ல் ஒன்று, திருத்தத்தை ஆதரித்த செனட் பெரும்பான்மைக் கட்சித் தலைவர் ஹாரி ரீடுடையது. தோற்பது உறுதி என்று தெரிந்ததும், பின்னால் அதை மீண்டும் கொண்டுவரும் உரிமைக்காக அவர் எதிர்த்து ஓட்டுப் போட்டார். பார்வையாளர் மாடத்தில், துப்பாக்கிச் சூட்டில் உறவுகளை இழந்தவர்கள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இந்த விதியை எடைபோட விரும்பினால் அதன் நோக்கத்தைப் பற்றிய மேடைப் பேச்சுகளை விட்டுவிட்டு, அது யாரைத் தடுத்தது என்று பாருங்கள் என்பேன். கறுப்பின மக்களை கும்பலாகச் சேர்ந்து அடித்துக் கொல்வதை மத்தியக் குற்றமாக்கும் மசோதா 1922-ல் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது. செனட்டில் தென்மாநில உறுப்பினர்கள் ஃபிலிபஸ்டரால் அதைக் கொன்றார்கள். அப்படியொரு சட்டம் கையெழுத்தானது 2022-ல். நூறு வருடம்! 1957-ல் கறுப்பின மக்களின் வாக்குரிமை பற்றிய மசோதாவை எதிர்த்து தென் கரோலினாவின் ஸ்ட்ரோம் தர்மண்ட் 24 மணி 18 நிமிடம் நின்றபடி பேசினார். மாநிலங்களின் தேர்தல் சட்டங்களை எடுத்துவைத்து ஒவ்வொன்றாக வாசித்தார். அந்த மசோதா அவரையும் மீறி நிறைவேறியது, ஆனால் அதற்குள் அதன் பற்கள் பிடுங்கப்பட்டிருந்தன.

1964-ஐத்தான் நீங்கள் ஆழமாகப் படிக்க வேண்டும். ஓட்டல், திரையரங்கு, வேலை என்று எங்கும் இனப் பாகுபாட்டைத் தடைசெய்யும் குடிமை உரிமைச் சட்ட மசோதா. பிரதிநிதிகள் சபையில் பிப்ரவரியிலேயே 290-130 என்று நிறைவேறிவிட்டது. செனட்டில் ஜார்ஜியாவின் ரிச்சர்ட் ரஸ்ஸல் தலைமையில் தென்மாநில உறுப்பினர்கள் அணி பிரித்துக்கொண்டு, முறை வைத்துப் பேசினார்கள். பேசுகிறவருக்குத்தான் கஷ்டம் என்று நமக்குத் தோன்றும். உண்மையில் கஷ்டம் எதிர்த்தரப்புக்கு. பேசும் தரப்பில் ஓரிருவர் சபையில் இருந்தால் போதும். அவர்கள் எந்த நேரத்திலும் ‘கோரம் இருக்கிறதா’ என்று கேள்வி எழுப்பலாம். உடனே 51 பேர் வந்து நிற்காவிட்டால் சபை கலைந்துவிடும். ஆகவே சட்டம் வேண்டும் என்பவர்கள்தான் ராத்திரி பகலாகக் கூப்பிடு தூரத்தில் கிடக்க வேண்டும்.

60 வேலை நாட்கள் இப்படிப் போயின. மசோதாவை நடத்திச் சென்ற ஹூபர்ட் ஹம்ஃப்ரி, குடியரசுக் கட்சித் தலைவர் எவரெட் டர்க்ஸனிடம் நாள்தோறும் பேசி, சொற்களை மாற்றித் திருத்தி, அவர் கட்சியின் ஓட்டுகளைச் சேர்த்தார். ஜூன் 10 காலை, மேற்கு வர்ஜீனியாவின் ராபர்ட் பேர்ட் 14 மணி நேரத்துக்கும் மேலான தன் உரையை முடித்தார். பிறகு பெயர் பெயராக அழைத்து ஓட்டு எடுத்தார்கள். கலிபோர்னியாவின் க்ளேர் எங்கிள் மூளைக் கட்டியால் பேச்சிழந்திருந்தார். சக்கர நாற்காலியில் கொண்டுவந்திருந்தார்கள். அவர் பெயரைக் கூப்பிட்டதும் வாய் திறக்க முயன்றார், குரல் வரவில்லை. கையை மெல்லத் தூக்கித் தன் கண்ணைத் தொட்டுக் காட்டினார். ஆங்கிலத்தில் கண்ணைக் குறிக்கும் சொல்லுக்கும் சபையில் ‘ஆம்’ என்று சொல்லும் சொல்லுக்கும் ஒலி ஒன்றுதான். ஆதரவு ஓட்டு என்று பதிந்தார்கள். தேவைப்பட்டது 67, கிடைத்தது 71. குடிமை உரிமை மசோதா ஒன்றின் மீதான விவாதத்தை செனட் முடித்துவைத்தது அதுதான் முதல் தடவை. ஜூலை 2-ல் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்டார். அந்த மாதம் முடிவதற்குள் எங்கிள் இறந்துபோனார்.

இன்று ஒரு மசோதாவைத் தடுக்க யாரும் இப்படி நின்று பேசத் தேவையில்லை. ஒரு மசோதா முடங்கினால் மற்ற வேலைகளும் முடங்குகின்றன என்று 1970-களில் ஓர் ஏற்பாடு செய்தார்கள்: தடுக்கப்பட்டதை ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததைக் கவனிப்பது. நல்ல எண்ணத்தில் செய்ததுதான், ஆனால் விளைவு தலைகீழ். எதிர்ப்பவர் தொண்டை வறளப் பேச வேண்டாம், ராத்திரி கண் விழிக்க வேண்டாம். எதிர்ப்பு உண்டு என்று தெரிவித்தாலே 60 தேவைப்பட்டுவிடும். என்றோ ஒரு நாள் எடுக்கும் ஆயுதமாக இருந்தது, எல்லா மசோதாவுக்கும் வாசலில் நிற்கும் சுங்கச்சாவடி ஆகிவிட்டது.

முக்கியமாக இரண்டு வழிகள் திறந்திருக்கின்றன. ஒன்று, நியமனங்கள். 2013 நவம்பரில் ஜனநாயகக் கட்சியினர் உச்ச நீதிமன்றம் தவிர்த்த நியமனங்களுக்கும், 2017-ல் குடியரசுக் கட்சியினர் உச்ச நீதிமன்றத்துக்கும் சேர்த்து, சாதாரணப் பெரும்பான்மை போதும் என்று ஆக்கிக்கொண்டார்கள். இன்னொன்று, 1974 பட்ஜெட் சட்டத்தில் வந்த ‘ரீகன்சிலியேஷன்’. வரி, செலவு சம்பந்தப்பட்ட மசோதாவுக்கு அதில் 20 மணி நேரம்தான் விவாதம். 2022-ல் பைடனின் பருவநிலைச் சட்டமும் 2025 ஜூலையில் டிரம்பின் வரிச் சட்டமும் இந்த வழியாகத்தான், துணை அதிபரின் ஓட்டோடு 51-50 என்று தப்பித்தன. ஆக, பணக்காரர்களின் வரியைக் குறைக்க 51 போதும், வாக்குரிமையைக் காக்க 60 வேண்டும். இதை நியாயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

சிறுபான்மைக்கு ஒரு பாதுகாப்பு வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும்தான். ஆனால் செனட்டின் அமைப்பிலேயே அது இருக்கிறது. சுமார் 4 கோடிப் பேர் வாழும் கலிபோர்னியாவுக்கும் 6 லட்சத்தைத் தொடாத வயோமிங்குக்கும் தலா இரண்டு செனட்டர்கள். மிகச் சிறிய 21 மாநிலங்களின் செனட்டர்கள் 42 பேர் சேர்ந்தால் எந்தச் சட்டத்தையும் நிறுத்தலாம். அவர்களுக்குப் பின்னால் இருப்பது நாட்டு மக்களில் எட்டில் ஒரு பங்குகூட இல்லை. அவர்கள் எல்லோரும் ஒரே கட்சி அல்ல, ஒன்றாகச் சேர்வதும் அபூர்வம். இருந்தாலும் இரட்டைப் பூட்டு இருப்பதை மறுக்க முடியாது.

இந்தப் பூட்டை எடுக்கச் சாசனத் திருத்தம் தேவையில்லை. நியமனங்களில் செய்ததுபோல, துணிந்தால் சாதாரணப் பெரும்பான்மையே எடுத்துவிடலாம். 2022 ஜனவரியில் வாக்குரிமை மசோதாவுக்காக ஜனநாயகக் கட்சி முயன்றபோது, அவர்கள் தரப்பிலேயே மான்சினும் கிர்ஸ்டன் சினிமாவும் மறுத்ததால் 48-52 என்று தோற்றது. 2025 அக்டோபர் முதல் தேதி தொடங்கி 43 நாட்கள் அரசு அலுவலகங்கள் மூடிக் கிடந்தபோது, 53 இடம் வைத்திருந்த குடியரசுக் கட்சியிடம் ஃபிலிபஸ்டரை ஒழித்துவிடுங்கள் என்று டிரம்ப் வெளிப்படையாகவே கேட்டார். அவருடைய கட்சி செனட்டர்களே இணங்கவில்லை. அடுத்த தேர்தலில் தாங்கள் சிறுபான்மையாகிவிட்டால் கையில் என்ன மிஞ்சும் என்ற கவலை இரு கட்சிக்கும் உண்டு.