உப்புக்காற்றில் காசு காப்பது எப்படி?

ஆரம்பாக்கத்துக்குத் தெற்கே, பழவேற்காடு ஏரியின் மறுமுனையில் இருக்கிறது பழவேற்காடு ஊர். டச்சுக்காரர்கள் 1613இல் அங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். பிறகு செப்புக்காசும் அடித்தார்கள். ஏரிக்கரைக்காரர் நாணயம் சேர்க்க நினைத்தால், தொடங்க இதைவிடப் பொருத்தமான இடம் ஏது?

எல்லாக் காலத்துக் காசையும் வாங்கிக் குவிக்க வேண்டாம். டச்சுக் கம்பெனியின் வி.ஓ.சி. முத்திரைக் காசு (நம் கப்பலோட்டிய தமிழருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை!), ஆங்கிலேயரின் 1808ஆம் ஆண்டு 10, 20 காசு என்று ஒரு சிறு வட்டம் போதும். சென்னைக்கு அந்த 1808 காசுகளை ஏற்றிவந்த 'அட்மிரல் கார்ட்னர்' கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையருகே மூழ்கியது. 1980களில் கடலடியிலிருந்து அள்ளப்பட்ட காசுகள் இன்றும் விற்பனைக்கு வருகின்றன.

வாங்குமுன் எழும்பூர் அருங்காட்சியகத்தில் அசல் நாணயங்களைப் பார்த்துக் கண்ணைப் பழக்கிக்கொள்வது நல்லது. கையில் ஒரு காந்தம் இருக்கட்டும்: செம்பும் வெள்ளியும் ஒட்டாது. ஒட்டினால் போலி. ஆனால் ஒட்டாததெல்லாம் அசல் என்று நம்பிவிடவும் கூடாது.

புளி போட்டுத் தேய்ப்பது பெரும்பாவம். குத்துவிளக்குக்குச் சரி, காசுக்கு ஆகாது. பழமையின் நிறம் போனால் மதிப்பும் போகும். ஏரிக்காற்றின் ஈரத்துக்குச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக மூடிய டப்பா போதும். பி.வி.சி. உறை செம்பில் பச்சை பிடிக்கவைக்கும்.

மண்ணைத் தோண்டும்போது பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தாலே, 1878ஆம் ஆண்டுச் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். பழைய காசுக்கு லட்சம் தருவதாகச் சொல்லி, ரிசர்வ் வங்கியின் பெயரில் முன்பணம் கேட்டால் போனை வைத்துவிடலாம்.